கரும்புக் கொல்லையில் பார்த்தது எது? உறுதியாகாத சிறுத்தைத் தகவல்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 நவம்பரில் தொடங்கி 2025 பிப்ரவரி வரை, வட தமிழ்நாட்டின் ஒரு மலையடிவார ஊரில் நடந்ததை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் இல்லை. நான் காட்டு விலங்குகளைக் கணக்கெடுக்கும் ஒரு சிறு தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். வனத்துறை கூப்பிட்டால் தடம் பார்க்கவும் தானியங்கிக் கேமரா வைக்கவும் போவோம். இந்த நிகழ்வில் நாங்கள் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன், அதில் முதல் தவறு என்னுடையது.

பின்னணி

ஊரில் முந்நூறு வீடுகள் இருக்கும். மேற்கே ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடக்கிறது. அதையும் தாண்டி ஒன்பது கிலோமீட்டர் போனால் காப்புக்காடு. ஏரிப் பாசன நிலத்தில் பாதிக்கு மேல் கரும்பு. ஆடு வளர்க்கும் குடும்பங்கள் அதிகம். ஆட்டுப்பட்டி என்றால் நாலு கம்பு, சுற்றிலும் பழைய மீன்வலை, மேலே ஓலை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஏப்ரல் மாதம், காடே இல்லாத மயிலாடுதுறையில் சிறுத்தை நடமாடியது கண்காணிப்புக் கேமராவில் பதிவானது. ஜூனில் திருப்பத்தூரில் ஒரு சிறுத்தை பள்ளி வளாகத்துக்குள் புகுந்து, கடைசியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அதனால் "இங்கெல்லாம் சிறுத்தை எப்படி வரும்?" என்று யாரும் அலட்சியமாகக் கேட்க முடியாத நேரம் அது. கேட்கவும் கூடாது. 2018 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 868 சிறுத்தைகள் என்று மதிப்பிட்டார்கள். 2022 கணக்கெடுப்பில் அது 1,070. இவையெல்லாம் பெரும்பாலும் காட்டுக்குள் எடுத்த கணக்கு. மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில், கரும்பும் வீடுகளுமாக மக்கள் நெருங்கி வாழும் இடத்தில், நூறு சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து சிறுத்தைகள் இருப்பதை ஆய்வாளர்கள் கேமரா வைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆக, "வாய்ப்பே இல்லை" என்பது எந்த ஊருக்கும் சொல்லக்கூடிய பதில் இல்லை.

முதல் தகவல்

நவம்பர் இரண்டாவது வாரம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியம்மா, விடிகாலை ஐந்தரைக்குப் பால் சொசைட்டிக்குப் போகும்போது ஏரிக்கரைப் பாதையில் ஒரு விலங்கைப் பார்த்தார். வீட்டில் சொன்னார். வீட்டிலிருந்து தெரு, தெருவிலிருந்து வாட்ஸ்அப். மூன்றாம் நாள் நாங்கள் போனபோது கதை "குட்டியோடு சிறுத்தை" ஆகியிருந்தது. ஒரு சிறுத்தை மதில்மேல் நிற்கும் படமும் சுற்றிக்கொண்டிருந்தது. படத்தின் ஓரத்தில் தெரிந்த பெயர்ப்பலகையில் இருந்தது தமிழ் எழுத்தே இல்லை.

பெரியம்மாவிடம் நேரில் கேட்டோம். அவர் குட்டி என்று சொல்லவே இல்லை. "மஞ்சளா, கால் நீளமா இருந்துச்சு தம்பி. என்னைப் பாத்துச்சு. ஓடல. மெதுவா நடந்து கரும்புக்குள்ள போயிடுச்சு," என்றார்.

"புள்ளி இருந்ததா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் "ஆமாம்" என்பார்கள், சிறுத்தைக்குப் புள்ளி உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் வாலைப் பற்றிக் கேட்டோம். "வால் எவ்வளவு நீளம், உங்க கையில காட்டுங்க." அவர் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தொட்டுக் காட்டினார். "நுனி கறுப்பு" என்று அவராகவே சேர்த்துச் சொன்னார். பிறகு அவர் நின்ற அதே இடத்தில் அவரை நிற்கவைத்து, விலங்கு நின்ற இடத்தில் எங்கள் குழுப் பையன் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உயர்த்தினான். "போதும், அவ்ளோதான் உசரம்" என்று அவர் நிறுத்திய இடம் தரையிலிருந்து 40 செ.மீ.

வளர்ந்த சிறுத்தையின் தோள் உயரம் ஏறக்குறைய 60 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும். வாலும் உடம்பு நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும், தரையை எட்டும்படி தொங்கும். காட்டுப்பூனைக்குத் தோள் உயரம் ஏறக்குறைய 36 செ.மீ., குட்டை வால், கறுப்பு நுனி, உடம்புக்கு மீறிய நீளக் கால்கள். அதை விடிகாலை மங்கலில் முதல்முறை பார்ப்பவருக்கு அது பூனையாகவே தோன்றாது.

இங்கேதான் நான் தவறினேன். சுற்றி முப்பது பேர் நிற்கும்போதே "இது காட்டுப்பூனைதான் பெரியம்மா" என்று சொல்லிவிட்டேன். கூட்டம் சிரித்தது. அவருடைய பேரனும் சிரித்தான். அவர் பால் கேனை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார். அதற்குப் பிறகு அவரைப் "பூனைக்கிழவி" என்று பையன்கள் கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த மூன்று வாரத்தில் வேறு இரண்டு பேர் எதையோ பார்த்திருக்கிறார்கள். கேலிக்குப் பயந்து இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. அது எங்களுக்குத் தெரிய வந்தது ஜனவரியில்.

ஆடுகள் செத்த இரவு

டிசம்பர் முதல் வாரம், இரண்டு நாள் மழைக்குப் பிறகு ஓர் இரவு, ஏரிக்கரையோரப் பட்டி ஒன்றில் ஐந்து ஆடுகள் செத்துக் கிடந்தன. ஆறாவது ஆட்டைக் காணோம். காலை ஒன்பதுக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. பட்டியைச் சுற்றி மனிதக் காலடிகள்தான்.

கால்நடை மருத்துவர் ஒவ்வொரு உடலாகப் பார்த்தார். தொடை, வால், காது, ஒன்றுக்கு மடி என்று பல இடங்களில் கிழிசல். இறைச்சி அதிகம் தின்னப்படவில்லை. கழுத்தில் ஆழமான கோரைப்பல் துளைகள் இல்லை. சிறுத்தை பொதுவாகத் தொண்டையைக் கவ்வி மூச்சை அடைத்துக் கொல்லும். கொன்றதை இழுத்துப்போய் வயிற்றுப் பக்கமிருந்து தின்னத் தொடங்கும். கிழிந்த மீன்வலைக்கு அடியில், யாரும் மிதிக்காத ஒரு முழ இடத்தில் நகம் பதிந்த தடங்கள் நான்கு இருந்தன. நாய்கள்.

ஆனால் பட்டியிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி, வாய்க்கால் கரையில் ஒரே ஒரு தடம் வேறு மாதிரி இருந்தது. நக அடையாளம் இல்லை. உள்ளங்கால் பட்டையின் பின்விளிம்பில் மூன்று வளைவு. அது பூனைக் குடும்பத்தின் அடையாளம். அகலம் 7.5 செ.மீ. காட்டுப்பூனைக்கு இது மிகப் பெரிது, சிறுத்தைக்குப் பொருந்தும். சிக்கல் என்னவென்றால், ஈரக் களிமண்ணில் தடம் விரியும், மேலே மழை பெய்தால் விளிம்பு கரைந்து இன்னும் அகலமாகத் தெரியும். முன்னும் பின்னும் அடுத்த தடம் கிடைத்திருந்தால் நடையின் நீளத்தை வைத்துச் சொல்லியிருக்கலாம். அந்த இடங்களில் செருப்புத் தடம்தான் இருந்தது. மாவுக்கட்டுப் போடும் பிளாஸ்டர் தூளைக் கரைத்து ஊற்றி அச்சு எடுத்தோம். வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்தோம். அங்கே பார்த்தவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே கருத்துதான்: தெளிவில்லை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

அன்று சாயங்காலம் பள்ளி மைதானத்தில் கூட்டம். ஊரின் கோரிக்கை ஒன்றுதான்: கூண்டு வையுங்கள். ஊராட்சித் தலைவருக்கு நெருக்கடி. ஆட்டுக்காரரின் மனைவி எழுந்து, "ஆட்டுக்கு அப்புறம் குழந்தைங்கதானே சார்?" என்று கேட்டபோது மைதானம் அமைதியானது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்த விளக்கமும் எடுபடாது என்று வனச்சரகர் புரிந்துகொண்டார்.

அவர் இப்படிச் சொன்னார். சிறுத்தை 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள விலங்கு. அதைப் பிடிக்க வேண்டுமென்றால், மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது போன்ற காரணம் காட்டித் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் உத்தரவு போட வேண்டும். இங்கே அது சிறுத்தை என்பதே உறுதியாகவில்லை. அதோடு, கூண்டுக்குள் ஆட்டைக் கட்டினால், இதுவரை ஊர்ப் பக்கம் வராத விலங்கையும் அது இழுக்கும். பிடித்து வேறிடத்தில் விட்டாலும் பிரச்சினை இடம் மாறுகிறதே தவிரத் தீர்வதில்லை. 2000-களின் தொடக்கத்தில் புனே மாவட்டத்தின் ஜுன்னர் பகுதியில் நிறையச் சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள், அதன் பிறகு மனிதர்மீதான தாக்குதல்கள் கூடின. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பிடித்து இடம் மாற்றுவதைக் கடைசி வழியாகத்தான் பார்க்கிறது.

கூண்டு இல்லை என்பதோடு நிறுத்தியிருந்தால் ஊர் எங்களைத் துரத்தியிருக்கும். எனவே அதே இரவில் நான்கு விஷயம் முடிவானது. ஏரிக்கரையிலிருந்து கரும்பு வரை எட்டு கேமரா. ஆட்டுப்பட்டிகளுக்குக் கம்பிவலையும் தாழ்ப்பாள் வைத்த கதவும், வலை ஊராட்சி ஏற்பாடு, வேலை ஊர்க்காரர்கள் கை. விடிகாலையில் பால் கொண்டுபோகிறவர்கள் தனியாகப் போகாமல் டார்ச்சோடு சேர்ந்து போவது. அப்புறம், பால் சொசைட்டியில் ஒரு நோட்டு: எதைப் பார்த்தாலும் தேதி, நேரம், இடம், வால், உயரம் என்று அதில் எழுதிவைப்பது. பார்த்தவர் பெயரை விருப்பமிருந்தால் எழுதலாம்.

ஒரு விஷயத்தில் எனக்கும் வனச்சரகருக்கும் கருத்து வேறுபாடு. ஆடுகளைக் கொன்றது நாய்கள் என்று அன்றே அறிவித்துவிடலாம் என்றேன். மருத்துவரின் அறிக்கை எழுத்தில் வரட்டும் என்றார் அவர். அவர் சொன்ன காரணம் எனக்குத் தோன்றவே இல்லை: கோபத்தில் இருக்கும் ஊரில் "நாய்" என்று சொன்னால், மறுநாளே செத்த ஆட்டில் விஷம் தடவி வைத்துவிடுவார்கள். அதைத் தின்று நாய் மட்டும் சாகாது. நரி, கீரி, பருந்து எல்லாம் சாகும். அவர் சொன்னதே சரி. ஆடுகளை ஆழக் குழிதோண்டிப் புதைத்த பிறகு, நான்காம் நாள், அறிக்கையோடு சேர்த்து விளக்கினோம்.

கேமராவில் வந்தவை

இருபத்து மூன்று இரவுகள் கேமராக்கள் இருந்தன. முயல், கீரி, மரநாய், நரி, மயில், வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவர்கள். பட்டிகளைச் சுற்றி ஏழு நாய்கள் கொண்ட ஒரு கூட்டம் மூன்று இரவுகள் வந்தது. ஏரிக்கரையில் கொட்டப்படும் கோழிக் கழிவுதான் அதற்கு நிரந்தரச் சாப்பாடு.

ஆறாம் இரவு, அதிகாலை 4:50-க்கு, பெரியம்மா காட்டிய இடத்திலிருந்து இருபதடி தூரத்தில் ஒரு காட்டுப்பூனை. படம் நன்றாக வந்திருந்தது. காது நுனியில் சின்னக் கறுப்பு மயிர்க்கற்றை, முன்னங்காலில் மங்கலான பட்டைகள், வாலின் கடைசிப் பகுதியில் இரண்டு மூன்று கறுப்பு வளையம். வாயில் ஒரு வயல் எலி. ராஜஸ்தானின் சரிஸ்காவில் நடந்த ஆய்வில், ஒரு காட்டுப்பூனை நாளுக்கு மூன்று முதல் ஐந்து எலி வரை பிடிப்பதாக மதிப்பிட்டார்கள். கரும்பு விவசாயிகளிடம் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர், "அப்போ அது நம்ம ஆளுதான்" என்றார்.

சிறுத்தை ஒரு படத்தில்கூட இல்லை. ஆனால் அறிக்கையில் "சிறுத்தை இல்லை" என்று நான் எழுதவில்லை, "சிறுத்தை பதிவாகவில்லை" என்றுதான் எழுதினேன். ஆடுகள் செத்த இரவில் வந்து அன்றே கடந்துபோன ஒரு விலங்கை, அதற்குப் பிறகு வைத்த கேமரா எப்படிக் காட்டும்?

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் படத்தைப் பார்த்தார். "இதேதான். இப்படித்தான் பாத்துச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கே இதைக் காட்டிப் பேசியிருந்தா என்ன தம்பி?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாரம் சொசைட்டியில் அத்தனை பேர் முன்னாலும் இன்னொரு தடவை கேட்டேன். அவர் சொன்ன உயரம், வால், நிறம், இடம் எல்லாமே சரி என்று படத்தோடு வைத்துச் சொன்னேன். நோட்டில் பதிவுகள் வரத் தொடங்கியது அதன் பிறகுதான்.

கரும்பு வெட்டின்போது

பிப்ரவரி முதல் வாரம் ஏரிக்கரைக் கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது. இரண்டாம் நாள் காலை, சோகைக்குள், அதாவது காய்ந்த கரும்பு இலைகளுக்குள், மூன்று குட்டிகள். "புலிக்குட்டி!" என்று ஒருவர் கத்த, ஆட்கள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். சிறிது நேரத்தில் இரண்டு பையன்கள் திரும்பி வந்து குட்டிகளைக் கையில் எடுத்து வீடியோ பிடித்தார்கள். மேஸ்திரி அவர்களைத் திட்டி, இறக்கி வைக்கச் சொல்லி, வனக்காப்பாளருக்குப் போன் செய்தார். அந்த நம்பர் அவரிடம் இருந்ததற்குக் காரணம், நோட்டின் அட்டையில் அதை ஒட்டியிருந்ததுதான்.

நாங்கள் போவதற்குள் எல்லோரையும் ஐம்பது மீட்டர் விலக்கி வைக்கச் சொல்லியிருந்தோம். குட்டி எதுவென்று தெரியும்வரை தாய் எதுவென்று தெரியாது. சிறுத்தையாக இருந்தால், பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. அருகில் போய்ப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது. சாம்பலும் மஞ்சளும் கலந்த மயிரில் கறுப்புக் கோடுகள், உயர்ந்த காதுகள், மெலிந்த பாதங்கள். சிறுத்தைக் குட்டிக்குப் பாதம் தடித்து, உடம்பெல்லாம் நெருங்கிய புள்ளிகளாக இருக்கும். இவை காட்டுப்பூனைக் குட்டிகள். வளர்ந்தபின் உடம்பில் இருக்கும் கோடுகள் மங்கிவிடும், அதனால்தான் குட்டியைப் பார்ப்பவர்கள் புலி என்கிறார்கள். ஒன்று என் கட்டைவிரலைப் பார்த்துச் சீறியது. மொத்த உடம்பும் என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று பலர் சொன்னார்கள். அது சரியில்லை. தாய் திரும்பி வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் சுற்றி நிற்கும் கூட்டமும் சத்தமும்தான். குட்டிகளை எடுத்துப்போய் வளர்த்தால் அவை காட்டுக்குத் திரும்புவது மிகக் கடினம். எனவே அங்கேயே விடுவது என்று முடிவு. நில உரிமையாளர் பத்து அடி அகலத்துக்குக் கரும்பை வெட்டாமல் விட ஒப்புக்கொண்டார். சோகைக்குத் தீ வைப்பதையும் தள்ளிப்போட்டார். டன் கணக்கில் கூலி வாங்கும் ஆட்களுக்கு வேலை கெடாமல் இருக்க, மேஸ்திரி அவர்களை நிலத்தின் மறுமுனைக்கு மாற்றினார். இந்த இரண்டு பேரும் மறுத்திருந்தால் எங்கள் யோசனை எதுவும் நடந்திருக்காது.

பொழுது சாய்ந்ததும் குட்டிகளைச் சோகை பரப்பிய ஒரு தக்காளிப் பெட்டியில், கிடைத்த இடத்திலேயே வைத்து, எதிரே கேமரா கட்டிவிட்டுப் போய்விட்டோம். இரவு 7:40-க்குத் தாய் வந்தது. பெட்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்து, மோப்பம் பிடித்து, ஒன்றைப் பிடரியில் கவ்விக்கொண்டு இருட்டில் போனது. 8:20-க்கு இரண்டாவது. மூன்றாவது தனியாகக் கிடந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் கத்திக்கொண்டே இருந்தது வீடியோவில் கேட்கிறது. 10:05-க்கு அதையும் எடுத்துப் போனது.

பிப்ரவரி முடிவில் நிலை

கம்பிவலை போட்ட பட்டிகளில் ஓர் ஆடும் சாகவில்லை. கதவைத் தாழிட மறந்த ஒரு பட்டியில் நாய்கள் புகுந்து ஒரு குட்டியைக் கடித்தன. கோழிக் கழிவு கொட்டுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. நாய்களுக்குக் கருத்தடை செய்ய ஊராட்சி மனு கொடுத்திருக்கிறது.

நோட்டில் 14 பதிவுகள். ஒன்பது, விவரிப்பைப் பார்த்தால் காட்டுப்பூனை. மூன்று நாயோ நரியோ. மிச்சம் இரண்டில் ஒன்று, இரவு இரண்டு மணிக்கு மோட்டார் கொட்டகையில் இருந்தவர் எழுதியது: "வால் தரையைத் தொட்டது. கிணற்றுச் சுவரை ஒரே தாவில் தாண்டியது." அது நடந்தது டிசம்பரில், ஆடுகள் செத்ததற்கு முந்திய இரவில். அவர் அதை எழுதியது ஜனவரியில். கேலிக்குப் பயந்து பேசாமல் இருந்த இரண்டு பேரில் அவர் ஒருவர். வாய்க்கால் தடத்தையும் ஆறாவது ஆட்டையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு சிறுத்தை கடந்து போயிருக்கலாம். நிரூபிக்க முடியாது. அவர் அன்றே சொல்லியிருந்தால் மறுநாளே கேமரா வைத்திருப்போம்.

அடுத்த தடவை மாற்றுவது

பார்த்தவரிடம் தனியாகத்தான் பேசுவோம். விலங்கின் பெயரை, படமோ நல்ல தடமோ கையில் இல்லாமல், கூட்டத்தில் சொல்ல மாட்டோம். கேமராவை ஆடு சாகும்வரை காத்திருக்காமல் முதல் தகவல் வந்த அன்றே வைப்போம். நவம்பரிலேயே வைத்திருக்க முடியும், நான்தான் தேவையில்லை என்று நினைத்தேன்.

தடத்தைக் காப்பாற்றுவது ஊர்க்காரர்கள் கையில்தான் இருக்கிறது, நாங்கள் போய்ச் சேர எப்போதும் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். இப்போது ஊரில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறோம்: தடத்தைப் பார்த்தால் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்து நேர் மேலிருந்து படம் எடுங்கள், பிறகு ஓர் அன்னக்கூடையைக் கவிழ்த்து மூடிவிடுங்கள். கரும்பு வெட்டுக்கு முன்பே ஆலையின் கரும்பு அலுவலரிடமும் மேஸ்திரிகளிடமும் பேசுவோம். சுற்றி வளைத்து வெட்டாமல் ஒரு பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு போனால் உள்ளே இருக்கும் விலங்கு வெளியேற வழி இருக்கும்.

நோட்டு இப்போது பெரியம்மாவின் பொறுப்பில் இருக்கிறது. எழுதத் தெரியாதவர்களுக்குப் பேரன் எழுதிக் கொடுக்கிறான். யார் வந்து எதைச் சொன்னாலும் பெரியம்மா முதலில் கேட்பது, "வால் எவ்ளோ நீளம், கையில காட்டு."